ஆய்வுகூடம் அங்கே, களப்பு இங்கே!

பல்கலைக்கழகங்கள் தொழில்முனைவோரை வா வா என்று அழைக்கின்றன. புத்தளம் கரையிலிருந்து போய்க் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும், எது கிடைக்காது?

விடியுமுன்பே முந்தல் பக்கத்து இறால் குளங்களில் டோர்ச் வெளிச்சம் நடமாடத் தொடங்கிவிடும். நீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்கள் இரவு முழுக்கச் சுற்றியும் ஓயாமல் நுரையை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். வரம்பிலிருந்து குளத்துக்குள் நீளும் பலகையின் நுனிக்குப் போகும் பண்ணைக்காரர், கயிற்றில் கட்டி இறக்கிய தீவனத் தட்டை மெல்ல மேலே இழுக்கிறார். இரவு போட்ட தீவனம் மிச்சம் கிடக்கிறதா? தட்டில் துள்ளும் இறால் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். முதுகோரம் ஓடும் குடல் கோடு நிரம்பியிருக்கிறதா? தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி ஏதும் தெரிகிறதா? இரண்டு நிமிட வேலை. வங்கிக் கடனும் அடகில் இருக்கும் நகையும் அந்த இரண்டு நிமிடத்தை நம்பித்தான் இருக்கின்றன.

சற்றுத் தள்ளி ஒல்லாந்தர் கால்வாய். பக்கத்துப் பண்ணை வெளியே விட்ட தண்ணீரும் அதில்தான் ஓடுகிறது. இவர் தன் குளத்துக்கு ஏற்றப்போகும் தண்ணீரும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

‘புத்தாக்கம்’, ‘ஸ்டார்ட்அப்’ என்ற சொற்கள் இப்போது இந்தக் கரையிலும் கேட்கின்றன. கற்பிட்டியிலும் மதுரங்குளியிலும் உடப்பிலும் படித்து முடித்த பிள்ளைகள் போட்டிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். மானியம் எங்கே, பயிற்சி எங்கே என்று தேடுகிறார்கள். கொழும்பில் சொல்லப்படும் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் மென்பொருள் கதைகள். 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தை 2024இல் ஈக்யூடி என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்குவதாக அறிவித்தபோது, அது நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் மென்பொருள் எழுதுகிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர் தேவைப்படுவதில்லை. புத்தளம் கரையில் எந்தத் தொழிலைத் தொட்டாலும் களப்பு, கால்வாய், நிலத்தடி நீர், கடல் என்று பொதுச் சொத்து ஒன்றில் போய் முட்டும். ‘தனி ஒருவர், ஒரு ஐடியா, ஒரு முதலீட்டாளர்’ என்ற கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

மாக்கந்துரவில் என்ன இருக்கிறது?

புத்தளம் மாவட்டத்துக்குள் வயம்ப பல்கலைக்கழகத்தின் பீடம் ஏதும் இல்லை. தங்கொட்டுவையைத் தாண்டி குருநாகல் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வரும் மாக்கந்துரவில் ஒரு வளாகம், குளியாப்பிட்டியில் இன்னொன்று. பல்கலைக்கழகம் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1999இல் முழுப் பல்கலைக்கழகமானது. நம் கரைக்கு வேண்டிய இரண்டு பீடங்களும் மாக்கந்துரவிலேயே இருக்கின்றன: விவசாயமும் பெருந்தோட்ட முகாமையும் ஒன்று; கால்நடை, கடற்றொழில், போசணை மற்றது.

2017இல் உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனுதவியோடு ‘அஹெட்’ என்ற உயர்கல்வித் திட்டம் நாட்டில் தொடங்கியது. அதன் துணையோடு அரச பல்கலைக்கழகங்களில் ‘பல்கலைக்கழக–வணிக இணைப்புப் பிரிவு’ என்ற அலுவலகங்கள் வலுப்பெற்றன. விரிவுரையாளரின் கண்டுபிடிப்புக்கு உரிமம் எடுத்துக் கொடுப்பது, அதை வாங்கக்கூடிய கம்பனியைத் தேடுவது, வெளியே இருக்கும் தொழில்காரரின் சிக்கலை உள்ளே கொண்டுபோய்ச் சரியான ஆய்வாளரிடம் சேர்ப்பது ஆகியவை அவற்றின் வேலை. வயம்பவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன. அஹெட் திட்டக் காலம் முடிந்துவிட்டது. இனி இந்தப் பிரிவுகள் தங்கள் செலவுக்குத் தாங்களே உழைக்க வேண்டும். தொழில்காரருக்கு இது ஒரு வகையில் நல்ல செய்தி: முன்பு அறிக்கைக்காக ஆள் தேடியவர்கள், இப்போது வருமானத்துக்காகத் தேடுவார்கள்.

பணம் என்று பார்த்தால் நிலைமை மெலிவானது. ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 2019இன் 22ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய புத்தாக்க முகவரகம் உருவானது; அதே ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், பிறகு கொரோனா, பிறகு 2022இன் பொருளாதார வீழ்ச்சி. புத்தாக்கத்துக்கு ஒதுக்கப் பணம் இருந்த காலமே அரிது.

> பெட்டிச் செய்தி: எதற்கு எங்கே போவது?
>
> இறால், மீன், கடலட்டை வளர்ப்பு: தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை (நக்டா). இறால் பண்ணைகளுக்கான அதன் பிரிவு பத்துளுஓயாவில் இருக்கிறது.
>
> கடல், களப்பு ஆய்வு: தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகமான ‘நாரா’வின் கற்பிட்டி பிராந்திய ஆராய்ச்சி நிலையம்.
>
> தென்னை: லுணுவில, பண்டிரிப்புவ தோட்டத்தில் இருக்கும் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம். 1929இல் தொடங்கியது, மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.
>
> பொருள் பரிசோதனை: கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம்.
>
> சிறு தொழில்நுட்பப் பயிற்சி: பிரதேச செயலக மட்டத்தில் இயங்கும் விதாதா வள நிலையங்கள்.
>
> உரிமம், வணிகக் குறி: தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழுவிலும் ஆலோசனை கேட்கலாம்.

இந்தக் கரையின் சிறந்த கண்டுபிடிப்பு

இந்தக் கரையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவான ஆகச் சிறந்த புத்தாக்கம் எது என்று கேட்டால், இயந்திரம் எதையும் என்னால் காட்ட முடியாது. ஒரு நாட்காட்டியைத்தான் காட்டுவேன்.

1980களில் இறால் வளர்ப்பு இங்கே தங்கச் சுரங்கம் என்று வந்து இறங்கியது. சிலாபத்திலிருந்து புத்தளம் வரை கண்டல் காட்டையும் உவர் நிலத்தையும் தோண்டிக் குளங்கள் எழுந்தன. 80களின் முடிவில் முதல் நோய் அடித்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. மனிதருக்கு எந்தக் கெடுதியும் செய்யாத அந்த வைரஸ், அறிகுறி தெரிந்த சில நாட்களுக்குள் ஒரு குளத்தையே துடைத்துவிடும். நோய் கண்ட குளத்தின் நீரை ஒருவர் பயத்தில் இரவோடிரவாகக் கால்வாயில் திறந்துவிட்டால், கீழே இருப்பவர்கள் எல்லோருக்கும் அது போய்ச் சேரும். அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் வரண்டு வெடித்துக் கிடக்கின்றன.

2000களில் நக்டாவும் பண்ணையாளர் அமைப்புகளும் சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்ததுதான் வலயப் பயிர் நாட்காட்டி. கால்வாயையும் களப்புகளையும் சுற்றியுள்ள பண்ணைப் பகுதி வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரிக்கப்பட்டது. எந்த உபவலயம் எந்தக் காலத்தில் குஞ்சு விடலாம், யார் அந்தப் பருவத்தில் குளத்தைக் காயவிட வேண்டும் என்பதெல்லாம் கூட்டத்தில் முடிவாகும். பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சை நோய்ச் சோதனை செய்துதான் குளத்தில் விட வேண்டும். முறை தவறி விடுகிறவரைத் தட்டிக் கேட்பது முதலில் அதிகாரி அல்ல, ஊர்ப் பண்ணையாளர்களின் சங்கமான சமித்தி. அம்பகந்தவில, கொத்தாந்தீவு, கரம்பை போன்ற இடங்களின் சமித்திகளைப் பற்றி வெளிநாட்டு ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பொது வளத்தை ஊரே கூடி விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம் சொன்னதற்கு ஓர் உதாரணமாக நம் ஒல்லாந்தர் கால்வாய் அங்கே பேசப்படுகிறது. சிலாபத்துத் தேநீர்க் கடையில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நோய் ஒழிந்துவிடவில்லை. வெண்புள்ளி இன்னமும் வந்து போகிறது. ஆனால் ஒருவர் குளம் விழுந்தால் கரையே விழும் என்ற நிலை மாறியது. வைரஸ் எப்படிப் பரவும் என்ற ஆய்வுகூட அறிவும், மழைக்காலத்தில் கால்வாயின் உப்புத்தன்மை எப்போது இறங்கும் என்ற ஊர் அறிவும், சொன்னால் கேட்கவைக்கும் சமித்தியும் ஒன்றாய்ச் சேர்ந்தபோதுதான் அது நடந்தது. இதற்கு உரிமம் எடுக்க முடியாது. முதலீட்டாளரிடம் பங்கு விற்க முடியாது. அதனால்தான் எந்தப் புத்தாக்கப் போட்டியிலும் இதற்குப் பரிசு கிடைக்காது.

தொழில் தொடங்கும் இளைஞருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய. நாட்காட்டி இருப்பதால்தான் சந்தை இருக்கிறது. ஓர் உபவலயத்தில் எல்லோரும் ஒரே காலத்தில் குஞ்சு விடுகிறார்கள் என்றால் குஞ்சுச் சோதனை, நீர்ச் சோதனை, தீவனம், ஐஸ், அறுவடை வண்டி எல்லாம் ஒரே வாரத்தில் தேவைப்படும். தனித்தனிப் பண்ணைக்கு விற்க முடியாத ஒரு சேவையைச் சமித்திக்கு விற்கலாம். குளத்து நீரின் ஒட்சிசன், உப்புத்தன்மை, வெப்பம் ஆகியவற்றைத் தொலைபேசிக்கு அனுப்பும் சென்சரை உலகில் பல நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றைத் தனியாக வாங்கச் சிறு பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. சமித்தி வாங்கி, மாதச் சந்தாவாகப் பிரித்துக்கொண்டால் கணக்கு வேறு. அண்மைய ஆண்டுகளில் கருவண்டன் இறாலோடு வெனாமி இறாலும் குளங்களுக்கு வந்திருப்பதால் இந்தத் தேவை கூடியிருக்கிறது. வெனாமியை நெருக்கமாக வளர்க்கலாம். நெருக்கமாக வளர்த்தால் இரவில் ஒட்சிசன் ஒரு மணி நேரம் குறைந்தாலும் நட்டம்.

குப்பையில் இருந்த காசு

இறாலை விட்டுத் தென்னைக்கு வருவோம். மாதம்பை, சிலாபம், நாத்தாண்டியா பக்கத் தும்பு ஆலைகளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் தும்புத்தூள் மலையாகக் குவிந்து கிடந்தது. மட்டையிலிருந்து தும்பை எடுத்தபின் மிஞ்சும் தூள் அது. எரித்தால் புகையும், மழையில் நனைந்தால் கறுப்பு நீர் வழியும்; ஆலைக்காரருக்கு அது வெறும் தலைவலி. ஐரோப்பாவில் தோட்டப் பயிருக்குப் பயன்படுத்திய ‘பீட்’ என்ற சதுப்பு மண்ணைத் தோண்டுவதற்கு எதிர்ப்பு எழுந்த 80களின் பிற்பகுதியிலிருந்து கதை மாறியது. தும்புத்தூள் தண்ணீரைப் பிடித்துவைக்கும், வேருக்குக் காற்றும் விடும். கழுவி, காயவைத்து, ஐந்து கிலோக் கட்டியாக அழுத்திக் கப்பல் ஏற்றத் தொடங்கினார்கள். இன்று நெதர்லாந்தின் கண்ணாடி வீடுகளில் ஸ்ட்ரோபெரி போன்ற பயிர்கள் நம் மட்டைத் தூளிலும் வேர்விடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வெறும் தூளை விற்றவர்களுக்குக் கிடைத்த காசு சிறிது. தூளில் இருக்கும் உப்பை மின்கடத்துதிறன் மீட்டரால் அளந்து, கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்துச் சோடியத்தை வெளியேற்றி, வாங்குகிறவர் கேட்கும் தரத்துக்கு ஆய்வறிக்கையோடு கொடுத்தவர்களுக்குத்தான் நல்ல விலை. நெதர்லாந்தின் ‘ஆர்எச்பி’ தரக்குறியைப் பெற்றவர் வேறொரு வரிசையில் நிற்கிறார். வித்தியாசம் தூளில் இல்லை, அதோடு போகும் ஒரு காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருப்பது ஆய்வுகூடம். பல்கலைக்கழகமோ லுணுவில நிறுவகமோ ஒரு சிறு தொழில்காரருக்குத் தரக்கூடிய ஆகப் பெரிய உதவி பெரும்பாலும் புது ஐடியாவாக இருக்காது. நம்பத் தகுந்த ஓர் அளவீடாகத்தான் இருக்கும். ஐடியாவுக்கு இந்தக் கரையில் பஞ்சம் இருந்ததில்லை.

இன்னும் யாரும் முழுதாகத் தொடாத குப்பைகள் இருக்கின்றன. புத்தளம் உப்பளங்களில் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் செறிந்திருக்கிறது. இறால், நண்டு பதனிடும் ஆலைகளில் கழியும் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கலாம். மருந்து, நீர்ச் சுத்திகரிப்பு, பயிர்ப் பாதுகாப்பு என்று அதற்குப் பயன் பல. இரண்டுமே மாணவர்களின் ஆய்வேடுகளில் பல தடவை எழுதப்பட்ட விஷயங்கள். ஆய்வேட்டிலிருந்து ஆலைக்கு வராததற்குக் காரணம் வேதியியல் அல்ல. ஓடு தினமும் ஒரே அளவில், கெடாமல், ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். இங்கே முதல் தொழில் கைட்டோசான் தொழிற்சாலை அல்ல. ஓட்டைச் சேகரித்துக் கழுவிக் காயவைக்கும் தொழில். அதற்கு ஒரு லொறியும் ஒரு சீமெந்துத் தளமும் போதும்.

உப்பைப் பற்றி இன்னொரு சொல். மழை பொய்த்தால் நாடு அழும்; மழை தப்பிப் பெய்தால் உப்பளம் அழும். 2025இன் தொடக்கத்தில் மழையால் உப்பு விளைச்சல் விழுந்து, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு உப்பை இறக்குமதி செய்தது. கடையில் உப்புப் பக்கற்றுக்கு மக்கள் அலைந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் திட்வா புயலின் வெள்ளம் இந்த மாவட்டத்தையும் மூழ்கடித்தது. உப்பளத்துக்கும் இறால் குளத்துக்கும் வேண்டியது மூன்று நாள் முன்கூட்டிய, ஊர் அளவிலான மழை எச்சரிக்கை. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் குறுஞ்செய்தியாகக் கொடுக்கும் ஒரு சேவைக்கு உப்பளக்காரர் காசு கொடுப்பார் என்றே நினைக்கிறேன். வாய்க்கால் மதகை ஓர் இரவு முன்னதாக மூடுவதால் மிஞ்சும் உப்பின் விலை அவருக்குத் தெரியும்.

தோற்ற குளத்தில் முளைத்த காடு

ஆராச்சிக்கட்டுவைக்குப் பக்கத்தில் ஆனைவிழுந்தான் சரணாலயம் இருக்கிறது. 2001இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். அதன் எல்லைக்குள்ளேயே ஒரு காலத்தில் இறால் குளங்கள் வெட்டி, நோய்க்குப் பின் கைவிட்டுப் போனார்கள். அந்தக் குளங்களைத் திரும்பக் கண்டல் காடாக்கும் வேலையில் வனசீவராசிகள் திணைக்களம், தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றோடு வயம்ப பல்கலைக்கழகமும் இறங்கியது. அதன் பேராசிரியர் செவ்வந்தி ஜயக்கொடி இந்தத் துறையில் நாடறிந்த பெயர்.

இதில் ஆய்வின் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு தோல்வியைப் பார்க்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நடுவது ஒரு விழாவாக நடந்தது. நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தார்கள்; முடிவு 2017இல் வெளியானது. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் தழைத்தது சுமார் 200 ஹெக்டேயர். 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. தப்பான இனத்தை, தப்பான உயரத்தில், அலை தொடாத மண்ணில் நட்டிருந்தார்கள். ஆனைவிழுந்தானில் முதல் வேலை நாற்று நடுவதல்ல, குளத்து வரம்பை வெட்டிக் களப்பு நீர் ஏறி இறங்க வழி விடுவது. நீர் வந்தால் விதை தானே வரும்.

சிலாபத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுதீச என்ற அமைப்பு 2015இல் அமெரிக்காவின் சீகொலஜி அமைப்போடு சேர்ந்து இன்னொரு வழியை முயன்றது: களப்போரப் பெண்களுக்குச் சிறு கடனும் பயிற்சியும், பதிலுக்கு ஊர்க் கண்டலைக் காக்கும் பொறுப்பு. 1,500 ஊர்கள், 15,000 பெண்கள் என்பது வகுத்த இலக்கு. 2016இல் பம்பலையில் கண்டலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2024இல் இலங்கையின் கண்டல் மீட்பை ஐக்கிய நாடுகள் உலக முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

இப்போது அடுத்த பேச்சு கார்பன் வரவு. கண்டல் காடு மண்ணில் பூட்டிவைக்கும் கார்பனைக் கணக்கிட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்கலாம் என்கிறார்கள். அளக்கும் வேலை, வரைபட வேலை, ட்ரோன் வேலை என்று படித்த பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறது. என் சந்தேகம் வேறு இடத்தில். கைவிட்ட குளம் பலவற்றின் காணி உரிமை தெளிவில்லாமல் கிடக்கிறது. அரச காணி, குத்தகை, வங்கி அடகு என்று ஒன்றுக்குள் ஒன்று. கார்பனுக்கு விலை வந்த மறுநாள் அந்தக் காணிக்கு உரிமையாளர்கள் திடீரென்று முளைப்பார்கள். களப்பில் கைவலை வீசிப் பிழைக்கிறவரின் பெயர் அந்தப் பத்திரங்களில் இருக்குமா?

மண்டபத்தில் நடந்தது

மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மண்டபத்தில் உள்ள இந்திய அரசின் உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிலையம் கப்பாபைக்கஸ் என்ற கடற்பாசியை வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தியது. 2000களின் தொடக்கத்தில் அந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெப்சி நிறுவனம் உரிமம் வாங்கியது. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களாகச் சேர்ந்து மூங்கில் தெப்பங்களில் பாசி கட்டினார்கள். விளைந்ததைக் கம்பனி வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி இருந்ததால் வங்கி கடன் கொடுத்தது. 2008இல் அந்தத் தொழில் அக்வாக்ரி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆய்வுகூடம், வாங்குகிறவர், வங்கி, பெண்கள் குழு என்ற நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்த அரிய கதை அது. அதே 2008இல், அந்த வெளியூர்ப் பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகள் மேல் படர்கிறது என்ற ஆய்வும் வந்தது.

நம் களப்பில் பாசி புதிதல்ல. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பில் விளைந்த கஞ்சிப்பாசி 19ஆம் நூற்றாண்டிலேயே ‘இலங்கைப் பாசி’ என்ற பெயரில் இந்திய மருந்து நூல்களில் இடம்பெற்றது. நோயாளிக்குக் கஞ்சி வைக்கவும், கூழ் உறையவைக்கவும் அது கப்பலேறியது. பாசி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் வெளியூர் இனத்துக்கு ஓடுமுன், சொந்தக் களப்பின் இனத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம்.

கடலட்டையிலும் இதே இரு முனைதான். விலை உண்டு, ஹொங்கொங் வரை சந்தை உண்டு. ஆனால் வேலி அடைக்கும் கடல் ஏற்கெனவே யாரோ வலை வீசும் கடல். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் 2022இல் மீனவர்கள் வீதிக்கு வந்ததற்குக் காரணம் அதுதான்.

விண்ணப்பம் எந்த மொழியில்?

இனிக் கசப்பான பகுதி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் 7 இலட்சத்து 60 ஆயிரம் பேர். சிங்களம் பேசுவோர் பெரும்பான்மை. கரையோரத்தில், குறிப்பாகக் கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளம் நகரைச் சுற்றியும் முந்தல், உடப்புப் பக்கத்திலும் தமிழே வீட்டு மொழி. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து இங்கே முகாமில் வாழ்க்கையைத் தொடங்கிய முஸ்லிம்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்று தொழில் தேடும் வயதில் இருக்கிறார்கள்.

புத்தாக்க மானிய விண்ணப்பங்களும் ஐந்து நிமிட மேடைப் பேச்சுப் போட்டிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பயிற்சி வகுப்பு சிங்களத்தில். தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது; திட்ட முன்மொழிவின் படிவம் அதைக் கேள்விப்பட்டதில்லை. விளைவு, கருவாட்டுக்கு நல்ல சூரிய உலர்த்தி செய்யக்கூடிய ஒரு வெல்டர் போட்டியில் இருப்பதில்லை. உலர்த்தியைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்தவர் இருக்கிறார். இருவரையும் ஒரே குழுவில் சேர்ப்பதற்குப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களால் முடியும். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் ஊர் வெல்டரின் உலர்த்தியை எடுத்துக்கொண்டால், ஈரப்பத அளவீடும் நுண்ணுயிர்ச் சோதனையும் மாணவரின் கணக்கில் முடிந்துவிடும்.

மொழி தடையாக இல்லாவிட்டாலும், ஒரு தீர்வுக்குப் பணம் தருகிறவரே இல்லாத இடமும் உண்டு. கற்பிட்டியின் மணல் மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செழிப்பது கிணற்று நீராலும் உரத்தாலும். மணல் உரத்தைப் பிடித்துவைக்காது. அது கீழே இறங்கி அதே கிணற்று நீரில் நைத்திரேற்றாகத் திரும்பி வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. உரத்தைக் குறைத்துச் சொட்டுநீரோடு சேர்த்துக் கொடுக்கும் முறைகள் இருக்கின்றன. ‘குறைவாகப் போடுங்கள்’ என்ற அறிவுரையைக் காசுக்கு விற்பது கடினம். உரக்கடைக்காரர் இலவசமாகவே அறிவுரை சொல்கிறார், வேறு அறிவுரை.

> பெட்டிச் செய்தி: மேடையில் பேசும் முன்
>
> இலங்கையில் கண்டுபிடிப்பு உரிமம் 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. புதுமை வேண்டும், துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு.
>
> போட்டியிலோ பேஸ்புக்கிலோ விவரத்தை வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விடலாம். நம் சட்டத்தில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பிய நாடுகளில் அப்படிப் பொதுச் சலுகை இல்லை. ஏற்றுமதியை நினைத்தால் முதலில் விண்ணப்பம், பிறகு மேடை.
>
> வணிக முறைகளுக்கு உரிமம் கிடையாது. பல சிறு தொழில்களுக்கு உரிமத்தைவிட வணிகக் குறியே உதவும்.
>
> பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சேர்ந்து செய்தால், உரிமை யாருக்கு எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தகவல் யாருடையது?

வரும் ஆண்டுகளில் இந்தக் கரையில் எழப்போகும் சண்டை, நான் கணிக்கிற அளவில், காணியைப் பற்றியதாக மட்டும் இருக்காது. இறால் குளத்துச் சென்சரை மறுபடி எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் அதைப் பொருத்துகிறது. ஒரு நாள் அதிகாலை நாலு மணிக்கு நோயின் சாயல் தெரிகிறது. செய்தி முதலில் யாருக்குப் போக வேண்டும்? பண்ணைக்காரருக்கு மட்டும் போனால், அவர் அவசரமாக அறுவடை செய்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, வாயை மூடிக்கொள்ளலாம். சமித்திக்கும் போனால் கால்வாயின் கீழ்ப்பக்கம் தப்பும். ஆனால் அவர் அடுத்த முறை சென்சரைக் கழற்றி வைத்துவிடுவார். வங்கிக்குப் போனால் கடன் நிற்கும். ஏற்றுமதியாளருக்குப் போனால் விலை இறங்கும்.

வலய நாட்காட்டியை உருவாக்கியவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளைக் கூட்டம் போட்டு, கூச்சலிட்டுச் சண்டை பிடித்துத் தீர்த்தவர்கள். சென்சர் விற்க வரும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இந்த வரியை எழுதும் இடம் இப்போதைக்கு வெற்றாக இருக்கிறது. சமித்திகள் தங்கள் அடுத்த பருவக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கலாம். வயம்பவின் வணிக இணைப்புப் பிரிவிலிருந்து ஒருவரையும், தமிழ் தெரிந்த ஒரு மாணவரையும் அதற்கு அழைக்கலாம்.